நிரலைக் காதால் படிப்பவர்கள்: பார்வையற்ற மென்பொருளாளர்களின் கருவிகள்

பைத்தான் மொழியில் பத்து முறை சுழலும் ஒரு சாதாரண வரி. திரையில் உள்ளதைப் பேச்சாகச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் அதை இப்படிச் சொல்லும்: “ஃபார் ஐ இன் ரேஞ்ச், இடது அடைப்பு, பத்து, வலது அடைப்பு, முக்காற்புள்ளி.” அடுத்த வரிக்கு நகர்ந்தால் முதலில் “நான்கு இடைவெளி” என்று அறிவித்துவிட்டு அப்புறம்தான் வரியைப் படிக்கும். இதையெல்லாம் மனிதப் பேச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சொல்லும். பழக்கமில்லாதவர் காதில் அது வெறும் கரகரப்பு. பழகியவருக்கு அந்த வரியில் எந்தச் சிக்கலும் இல்லை.

பார்வையற்றவர் எப்படி நிரல் எழுதுகிறார் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே வியந்து நின்றுவிடுகிறார்கள். உண்மையில் இதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. நிரல் என்பது எழுத்து. எழுத்தைப் பேச்சாகவோ பிரெயிலாகவோ மாற்றுவது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன கணக்கு. சிக்கல் இருப்பது அந்த எழுத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் காட்சியில்: பிழையைச் சுட்டும் சிவப்பு நெளிகோடு, ஓரத்தில் தெரியும் புள்ளி, இடது பக்கத்துக் கோப்பு மரம், கீழே கட்டளைகளை எழுதி இயக்கும் டெர்மினல், வலது பக்கத்துச் சின்ன வரைபடம். பார்ப்பவருக்கு இவை அனைத்தும் ஒரே கணத்தில் கிடைக்கின்றன. கேட்பவருக்கு ஒவ்வொன்றாக, கேட்டால்தான் கிடைக்கும். சில கருவிகளில் கேட்டாலும் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. இந்தத் துறையில் கிடைத்த முன்னேற்றம் நிலையாக நிற்பதில்லை. திரையில் எழுத்தையும் படத்தையும் காட்டும் முறை மாறும்போதெல்லாம், பார்வையற்ற நிரலாளர்கள் தங்கள் கையில் இருந்ததை இழந்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். இந்தக் கதையைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய கருவிகளைப் பட்டியல் போடுவதில் பெரிய பயன் இல்லை என்று நினைக்கிறேன்.

கேட்பதிலும் ஒரு கைத்திறன்

முதலில் வேகம். சாதாரணப் பேச்சு நிமிடத்திற்கு 150 சொற்கள் அளவில் இருக்கும். நெடுநாள் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள் 400 சொற்களையும் தாண்டிக் கேட்பதுண்டு. இதனால்தான் மனிதக் குரலைப் போலவே ஒலிக்கும் புதிய செயற்கைக் குரல்களை அவர்களில் பலர் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. எலோக்வென்ஸ், ஈஸ்பீக் போன்ற இயந்திரத்தனமான பழைய குரல்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எழுத்துகளைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லும். விசையை அழுத்திய மறுகணமே பேசத் தொடங்கும். அடுத்த விசையை அழுத்தினால் உடனே வாயை மூடிக்கொள்ளும். நிரலைப் படிப்பதற்கு இந்தக் குணங்கள்தான் முக்கியம். குரல் இனிமையாக இருக்கிறதா என்பது நாவல் கேட்பவரின் கவலை.

அடுத்து நிறுத்தக்குறிகள். மின்னஞ்சல் படிக்கும்போது ஒவ்வொரு காற்புள்ளியையும் சொன்னால் எரிச்சல் வரும். நிரல் படிக்கும்போது ஓர் அரைப்புள்ளியை விட்டாலும் தப்பு. ஆகவே திரைவாசிப்பான்களில் எத்தனை குறிகளைச் சொல்ல வேண்டும் என்பதற்குப் படிநிலைகள் இருக்கின்றன; நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டரைத் திறந்தால் மட்டும் எல்லாக் குறிகளையும் சொல்லும்படி அமைத்துக்கொள்ளலாம். குறிகளின் பெயர்களையும் சுருக்கிக்கொள்ளலாம். “இடது நெளி அடைப்பு” என்று நாளைக்கு ஆயிரம் முறை கேட்பதற்குப் பதில் ஓரசைச் சொல் ஒன்றை வைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

பைத்தான் மாதிரி மொழிகளில் உள்தள்ளலுக்கே பொருள் இருக்கிறது. ஒரு வரி நான்கு இடைவெளி தள்ளி இருக்கிறதா எட்டு இடைவெளி தள்ளி இருக்கிறதா என்பதைப் பொறுத்து நிரலின் போக்கே மாறும். “எட்டு இடைவெளி, எட்டு இடைவெளி, பன்னிரண்டு இடைவெளி” என்று கேட்டுக்கொண்டே போனால் தாமதமும் களைப்பும் மிச்சம். என்விடிஏ திரைவாசிப்பானில் இதற்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது: உள்தள்ளலைச் சொல்லாக அறிவிப்பதற்குப் பதில் சுருதியாக ஒலிக்கச் செய்யலாம். வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறதோ அந்த அளவுக்குச் சுருதி ஏறும். நான்கைந்து வரிகளைக் கீழ்நோக்கி ஓட்டினாலே எங்கே ஒரு தொகுதி தொடங்கி எங்கே முடிகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். இன்டென்ட்நேவ் என்ற துணைநிரல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதே உள்தள்ளல் உள்ள அடுத்த வரிக்கோ, வெளிச்சுற்றில் இருக்கும் தாய் வரிக்கோ ஒரே விசையில் தாவலாம்.

காதால் பிடிக்க முடியாத பிழைகளும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலித்து வேறு மாதிரி எழுதப்படும் சொற்கள், நிரலில் மதிப்புகளைத் தாங்கும் மாறிகளின் பெயர்களாக வந்தால் காது ஏமாந்துவிடும். ‘கலர்’ என்ற சொல்லைப் பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகளில் இரு விதமாக எழுதுவார்கள், ஒலி ஒன்றுதான். பிரெயில் காட்டிகள் கைகொடுப்பது இங்கேதான். சிறு ஊசிகள் மேலெழுந்தும் தாழ்ந்தும் ஒரு வரியை விரலடியில் காட்டும் கருவி இது. வழக்கமான பிரெயிலில் ஆறு புள்ளிகள். கணினிப் பிரெயிலில் எட்டு. ஏழாவது புள்ளி எழுந்திருந்தால் பெரிய எழுத்து என்று பொருள் கொள்ளலாம். அடைப்புக்குறி பொருந்துகிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா என்பதை விரல் உடனே சொல்லிவிடும்.

ஆனால் பெரும்பாலான பிரெயில் காட்டிகளில் ஒரு வரிதான் தெரியும். அதுவும் 40 எழுத்து அளவுக்கு. விலையும் அதிகம். 40 இடங்களில் 12 இடங்களை உள்தள்ளலுக்கான வெற்றிடமே தின்றுவிட்டால் மிஞ்சுவது 28. உள்தள்ளலுக்கு இடைவெளியா, டேப் எழுத்தா என்று நிரலாளர்கள் காலங்காலமாகச் சண்டை போடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். பிரெயில் காட்டியில் படிப்பவருக்கு அது வெறும் ரசனைச் சண்டை இல்லை. டேப் எழுத்து என்றால் அதை எவ்வளவு அகலமாகக் காட்டுவது என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். ஓர் இடத்தோடு முடித்துக்கொள்ளலாம். பிரெட்டியர் என்ற நிரல் ஒழுங்கமைப்பிக் கருவியில் டேப்பை இயல்பு அமைப்பாக்க வேண்டும் என்று கேட்டவர்கள் முன்வைத்த முக்கிய வாதம் இதுதான். பல வரிகளை ஒரே நேரத்தில் காட்டும் கருவிகளும் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்கன் பிரிண்டிங் ஹவுஸ் ஃபார் தி பிளைண்ட் கொண்டுவந்துள்ள மோனார்க் கருவியில் 10 வரிகள், வரிக்கு 32 எழுத்துகள். நிரலின் வடிவத்தைக் கையால் தடவி அறியும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

கிடைத்ததும் பறிபோனதும்

பார்வையற்றவர்கள் நிரல் எழுத வந்தது அண்மையில் நடந்த விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1960களிலேயே அமெரிக்காவின் கணினியாளர் சங்கமான ஏசிஎம்மில் பார்வையற்றோரின் தொழில்வாய்ப்புகளுக்கென்று தனிக் குழு இருந்தது. அப்போது நிரல் துளையட்டையில் போய், விடை வரி அச்சுப்பொறியில் வரும். அச்சுப்பொறியில் தாளுக்குப் பின்னால் ரப்பர் பட்டை ஒன்றை வைத்து, முற்றுப்புள்ளி எழுத்தைத் தேவையான இடங்களில் ஓங்கி அடிக்கவைத்தால் தாளில் மேடுகள் எழும். அதுவே பிரெயில். 1971-இல் ஆப்டகான் வந்தது. ஒரு கையில் சிறு கேமராவைப் பிடித்துத் தாளின் மேல் நகர்த்தினால், இன்னொரு கையின் சுட்டுவிரலுக்கு அடியில் 144 ஊசிகள் அதிர்ந்து எழுத்தின் உருவத்தையே காட்டும். அச்சிட்ட எதையும் யார் தயவும் இல்லாமல் படிக்கலாம் என்பது அன்று பெரிய விடுதலை.

விண்டோஸுக்கு முந்தைய, எழுத்து மட்டுமே கொண்ட இயங்குதளமான டாஸின் காலம் வந்தபோது நிலைமை இன்னும் மேலானது. திரை என்பது 80 எழுத்து அகலம், 25 வரி உயரம். அதில் தெரியும் ஒவ்வோர் எழுத்தும் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுத்தாகவே இருக்கும். திரைவாசிப்பான் அந்த நினைவகத்தை நேராகப் படித்துவிடும். எந்த நிரலாக இருந்தாலும், அதை எழுதியவர் பார்வையற்றவர்களைப் பற்றி ஒரு கணம்கூட யோசிக்காதவராக இருந்தாலும், அது பேசியது. விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் தொடங்கிய நிறுவனம் ஜாஸ் திரைவாசிப்பானை வெளியிட்டது 1989-இல், டாஸுக்காகத்தான்.

பிறகு விண்டோஸ் வந்தது. திரையில் எழுத்து என்று ஒன்று இல்லாமல் போனது. இருந்தது வண்ணப் புள்ளிகள் மட்டும். எழுத்தை வரையச் சொல்லி நிரல் அனுப்பும் கட்டளைகளை நடுவழியில் ஒட்டுக்கேட்டு, எந்த இடத்தில் எந்த எழுத்து வரையப்பட்டது என்று திரைவாசிப்பான் தனக்கென்று ஒரு நிழல் திரையை நினைவில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த வித்தை பாதி நேரம் வேலை செய்யும், மீதி நேரம் உளறும். 1997-இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் அக்செசிபிலிட்டி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நிரலே முன்வந்து “இது ஒரு பொத்தான், இதன் பெயர் சேமி, இது இப்போது அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறது” என்று இயங்குதளத்திடம் சொல்ல வேண்டும். திரைவாசிப்பான் அதைக் கேட்டுக்கொள்ளும். பின்னர் வந்த யூஐ ஆட்டோமேஷன், லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ, மேக்கில் 2005 முதல் வரும் வாய்ஸ்ஓவர் எல்லாம் இதே கொள்கையில்தான் இயங்குகின்றன.

இதில் ஒளிந்திருக்கும் மாற்றம் பெரியது. டாஸில் அணுகல், அதாவது திரைவாசிப்பானோடு பயன்படுத்த முடிவது, தானாகக் கிடைத்தது. விண்டோஸுக்குப் பிறகு அது மென்பொருளை எழுதுபவர் செய்துகொடுக்க வேண்டிய வேலையாயிற்று. செய்ய மறந்தால், திரைவாசிப்பானுக்கு அங்கே இருப்பது வெறும் இருட்டு.

திரையைப் படிப்பதா, பொருளைச் சொல்வதா

டி. வி. ராமன் யோசித்தது வேறு திசையில். புனேயில் பிறந்து, பதினான்கு வயதில் கண் நீர் அழுத்த நோயால் பார்வை இழந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில், கணிதம் நிறைந்த ஆவணங்களைப் பேச்சாக மாற்றும் முறையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 1995-இல் அவர் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக், ஈமேக்ஸ் எடிட்டருக்கான பேச்சு இடைமுகம். திரையில் என்ன தெரிகிறது என்று அது பார்ப்பதே இல்லை. ஈமேக்ஸின் ஒவ்வொரு கட்டளையோடும் ஒட்டிக்கொண்டு, அந்தக் கட்டளை என்ன செய்தது என்பதைச் சொல்கிறது.

நாட்காட்டி இதற்கு நல்ல உதாரணம். கர்சர் ஒரு கட்டத்தில் நிற்கிறது. திரையில் அங்கே இருப்பது ‘8’ என்ற எண். சாதாரணத் திரைவாசிப்பான் “எட்டு” என்று சொல்லும். அது எந்த மாதம், என்ன கிழமை என்று அறிய மேலே போய்த் தலைப்பைத் தேட வேண்டும். ஈமேக்ஸ்பீக் நாட்காட்டி நிரலிடமே கேட்டுக் கிழமை, மாதம், ஆண்டு என முழுத் தேதியையும் சொல்லிவிடும். நிரல் எழுதும்போதும் இதே அணுகுமுறைதான். குறிப்புரைக்கு ஒரு குரல், மொழியின் சிறப்புச் சொற்களுக்கு வேறு குரல், மேற்கோளுக்குள் இருக்கும் சரத்துக்கு மற்றொரு குரல். பார்ப்பவருக்கு வண்ணம் செய்யும் வேலையைக் கேட்பவருக்குக் குரல்மாற்றம் செய்கிறது. கோப்பு திறந்தால் ஒரு சிறு ஒலி, மூடினால் இன்னொன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவும் இருந்தது என்பதை இன்றைய எடிட்டர் தயாரிப்பாளர்கள் பலர் அறிந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஈமேக்ஸ்பீக்கின் குறை, அதற்காக ஒருவர் ஈமேக்ஸுக்குள்ளேயே குடியேற வேண்டும் என்பது. நிறுவனத்தில் எல்லோரும் வேறு கருவி பயன்படுத்தும்போது அது எல்லோருக்கும் ஒத்துவராது.

ஒரு பார்வையில் தெரிவதை எப்படிக் கேட்பது

மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் கோட்டாக் என்ற கருவியைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை, இந்தச் சிக்கலை நான்காகப் பிரித்துப் பார்த்தது. எடிட்டரில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிப்பது ஒன்று. நிரலின் மொத்த அமைப்பை ஒரே பார்வையில் உள்வாங்குவது இரண்டாவது. வேண்டிய இடத்துக்கு விரைந்து செல்வது மூன்றாவது. பிழை, எச்சரிக்கை போன்றவை நேரும் கணத்திலேயே தெரியவருவது நான்காவது. அந்த ஆய்வுக் குழுவில் பார்வையற்ற நிரலாளர் ஒருவரும் இருந்தார் என்பதால்தான் பிரிப்பு இவ்வளவு துல்லியமாக வந்தது என்பது என் ஊகம்.

இந்த நான்கில் கடினமானது இரண்டாவது. ஐந்நூறு வரிக் கோப்பைத் திறந்ததும் பார்ப்பவர் கண்ணை ஒருமுறை ஓட்டி, இதில் மூன்று பெரிய செயல்பாடுகள் இருக்கின்றன, நடுவில் ஒன்று தேவைக்கு மேல் நீண்டிருக்கிறது என்று அறிந்துவிடுகிறார். கேட்பவர் ஐந்நூறு வரிகளையும் கேட்டு முடித்தால்தான் அந்தப் படம் மனதில் உருவாகும். ஆகவே அவருக்கு வேண்டியது சுருக்கம்: செயல்பாடுகளின் பட்டியல், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மரம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்ட்ரக்ட்ஜம்பர் என்ற, எக்லிப்ஸ் எடிட்டருக்கான செருகுநிரல், 2015-இல், இதைத்தான் செய்தது. ஆழமாகப் பின்னிய நிபந்தனைகளுக்கு நடுவே நிற்பவர், தான் எந்தக் கிளையில் இருக்கிறேன் என்று கேட்டு அறிந்துகொண்டு, மறுபடி அதே வரிக்குத் திரும்பலாம்.

கோட்டாக்கில் எனக்குப் பிடித்தது டாக்பாயிண்ட் என்ற வசதி. பிழைதிருத்தும்போது வழக்கமான நிறுத்தப்புள்ளி நிரலை நிறுத்திவிட்டு, மாறிகளின் மதிப்பை வேறொரு பலகையில் காட்டும். கர்சரை அந்தப் பலகைக்குக் கொண்டுபோய்ப் படித்துத் திரும்புவதற்குள் என்ன தேடினோம் என்பதே மறந்துவிடும். டாக்பாயிண்ட் வைத்தால், நிரலின் ஓட்டம் அந்த வரியைத் தொடும்போது ஓர் ஒலியோ, நாம் குறித்த மாறியின் மதிப்போ காதில் விழும். ஒரு சுழற்சி எத்தனை முறை ஓடியது என்பதை ‘டிங்’ ஒலியை எண்ணியே சொல்லிவிடலாம்.

இந்த எண்ணங்களில் பல இப்போது விஎஸ் கோட் எடிட்டரில் காணக் கிடைக்கின்றன. 2015-இல் அறிமுகமான அந்த எடிட்டர் பார்வையற்ற நிரலாளர்களிடையே பரவலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிழை உள்ள வரியிலோ நிறுத்தப்புள்ளி உள்ள வரியிலோ கர்சர் வந்தால் தனித்தனி ஒலி. எஃப்8 அழுத்தினால் அடுத்த பிழை. இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் திரையில் பச்சை, சிவப்பு வண்ணங்களுக்குப் பதில், எந்த வரி சேர்ந்தது, எது நீங்கியது என்று வரிசையாகச் சொல்லும் தனிக் காட்சி. ஆல்ட்டும் எஃப்1-ம் சேர்த்து அழுத்தினால், நீங்கள் நிற்கும் இடத்தில் என்னென்ன செய்யலாம் என்ற உதவிக் குறிப்பு. ஆல்ட்டும் எஃப்2-ம் அழுத்தினால், மிதந்து மறையும் குறிப்பை எழுத்து எழுத்தாக நகர்ந்து படிக்கும் வசதி.

அதிலும் கரடுமுரடுகள் இல்லாமல் இல்லை. எடிட்டர் தன் எழுத்தைத் தானே வரைந்துகொள்வதால், திரைவாசிப்பானுக்காக மறைவான ஓர் எழுத்துப்பெட்டியில் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் வைத்துக் காட்டும் ஏற்பாடு நீண்ட காலம் இருந்தது. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் படிக்கச் சொன்னால் அந்தப் பகுதியின் முடிவில் பேச்சு நின்றுவிடும். காரணம் தெரியாதவர்கள் கோப்பே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

எல்லாம் அடித்தளத்தில் இருக்கிறது

ஓர் எடிட்டர் அணுகத்தக்கதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதை உருவாக்கத் தொடங்கியபோது பொத்தான், பட்டியல் போன்றவற்றைத் தரும் எந்த இடைமுகக் கருவித்தொகுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. எக்லிப்ஸ், இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையும் பட்டியல்களையும் பயன்படுத்தும் எஸ்டபிள்யூடி தொகுப்பில் கட்டப்பட்டது. இயங்குதளம் ஏற்கெனவே தன் பொத்தான்களைப் பேச வைத்திருப்பதால் எக்லிப்ஸும் பேசியது. இன்டெல்லிஜே என்ற இன்னொரு எடிட்டர், ஜாவா மொழியின் ஸ்விங் தொகுப்பில் கட்டப்பட்டது; அது எல்லாவற்றையும் தானே வரையும். திரைவாசிப்பானோடு பேச இடையில் ஜாவா அக்சஸ் பிரிட்ஜ் என்ற பாலம் வேண்டும். அந்தப் பாலம் பல ஆண்டுகள் ஆட்டம் கண்டுகொண்டே இருந்தது.

இந்த வேறுபாடு வாழ்க்கையில் எப்படி இறங்கும் என்பதற்கு ஆண்ட்ராய்டு உதாரணம். தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு செயலிகளை எக்லிப்ஸில் எழுதலாம். 2015-இல் கூகுள் அந்தச் செருகுநிரலுக்கான ஆதரவை நிறுத்துவதாக அறிவித்து, இன்டெல்லிஜேயை அடிப்படையாகக் கொண்ட ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு எல்லோரையும் மாறச் சொன்னது. பார்ப்பவர்களுக்கு அது இன்னொரு புதுக் கருவி. திரைவாசிப்பானோடு எக்லிப்ஸில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு முன்பு சொன்ன டாஸ், விண்டோஸ் கதை மீண்டும் நடந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ பின்னர் தேறியது. ஆனால் இடைப்பட்ட காலத்தை யார் திருப்பித் தருவது?

விஎஸ் கோட் விஷயத்தில் ஒரு வேடிக்கை. அது எலக்ட்ரான் என்ற தொகுப்பில், அதாவது குரோமியம் உலாவியின் வயிற்றுக்குள் இயங்குகிறது. நினைவகத்தைத் தின்கிறது என்று நிரலாளர்கள் எலக்ட்ரானைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் உலாவிக்குள் இருப்பதால், இணையப் பக்கங்களுக்காகப் பல ஆண்டுகள் செதுக்கப்பட்ட அணுகல் வசதி முழுவதும் அதற்கு இலவசமாகக் கிடைத்தது. வேகத்துக்காகப் பலரும் போற்றும் சப்ளைம் டெக்ஸ்ட் எடிட்டர், தன் இடைமுகத்தைத் தானே வரைகிறது. திரைவாசிப்பானுக்கு அங்கே படிக்க ஒன்றும் இல்லை.

சரி, இத்தனை தொல்லை எதற்கு, டெர்மினலுக்கே போய்விடலாமே என்று தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். லினக்ஸ் டெர்மினலில் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் பிரெயில் காட்டியை நேராக இணைத்துவிடும். எழுதினால் எழுத்து, பதில் வந்தால் எழுத்து. ஆனால் டெர்மினலும் இப்போது பழைய டெர்மினல் இல்லை. சுழலும் குச்சி, நொடிக்குப் பலமுறை மாறும் முன்னேற்றப் பட்டை, கோடுகளால் வரைந்த பெட்டி, படத்தோடு கூடிய வரவேற்பு. ஒரே வரி திரும்பத் திரும்ப அழிக்கப்பட்டு எழுதப்படும்போது திரைவாசிப்பான் “10 சதவீதம், 11 சதவீதம்” என்று ஓயாமல் பேசும், அல்லது கர்சர் எங்கே நிற்கிறது என்று புரியாமல் ஊமையாகிவிடும். பத்திகளாக அடுக்கிய அட்டவணை வெளியீட்டில், இந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று அறிய வழியே இல்லை. அங்கே இருப்பது வெற்றிடங்களால் தள்ளி வைக்கப்பட்ட எழுத்துகள் மட்டும். வெளியீட்டை ஜேசான் அல்லது சிஎஸ்வி போன்ற, மற்ற நிரல்கள் பிரித்துப் படிக்கத்தக்க எழுத்து வடிவத்தில் தரும் ஒரு விருப்பமும், அலங்காரத்தை நிறுத்தும் ஒரு விருப்பமும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். எழுதுபவருக்கு அது பெரிய வேலையும் இல்லை.

எடிட்டருக்கு வெளியே

கருவி என்றால் எடிட்டர் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். வேலைநாளின் பெரும்பகுதி எடிட்டருக்கு வெளியேதான் கழிகிறது. இணையக் கூட்டத்தில் சக ஊழியர் தன் திரையைப் பகிர்ந்து “இந்த வரியைப் பாருங்கள்” என்கிறார். பகிரப்படுவது காணொளி, அதில் எழுத்து இல்லை. திரைவாசிப்பான் மௌனமாக இருக்கும். விஎஸ் கோட் லைவ் ஷேர் போன்றவை திரைக்குப் பதில் கோப்பையே பகிர்வதால், பார்வையற்றவர் தன் கணினியில், தன் குரலில், தன் வேகத்தில் அதே வரிக்குப் போய்விடலாம். வடிவமைப்பு வரைபடங்களிலும் இதே கதைதான். படமாக ஒட்டினால் யாருக்கும் திருத்த முடியாது, சிலருக்குப் படிக்கவே முடியாது. மெர்மெய்ட், பிளான்ட்யூஎம்எல், கிராஃப்விஸ் போன்றவற்றில் வரைபடத்தை எழுத்தாகவே எழுதலாம். படம் வேண்டியவருக்குப் படம், எழுத்து வேண்டியவருக்கு எழுத்து.

வேலைக்கான தேர்விலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். நேரம் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இணையத்தளத்தில், திரைவாசிப்பானுக்குப் பிடிபடாத எடிட்டரில், வரைபடத்தோடு கேட்ட கேள்விக்கு விடை எழுதச் சொன்னால், அங்கே சோதிக்கப்படுவது நிரல் அறிவு என்று சொல்ல முடியாது.

கற்றல் கருவிகளிலும் இடைவெளி உண்டு. சிறுவர்களுக்கான நிரலாக்கம் என்றாலே வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்துவது என்றாகிவிட்டது. அதற்கு மாற்றாகக் கையால் தொட்டு இணைக்கும் கோட் ஜம்பர் கருவியும், ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக் தொடக்கத்தில் பார்வையற்ற மாணவர்களை மனதில் வைத்து உருவாக்கிய குவோரம் மொழியும் இருக்கின்றன.

செயற்கை நுண்ணறிவு இதில் எங்கே நிற்கிறது? கட்டாயம் உதவியிருக்கிறது. ஒரு திரைப்பிடிப்பைக் கொடுத்து, பொத்தான்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றனவா என்று கேட்கலாம். முன்பு இதற்குப் பார்வையுள்ள ஒருவரைத் தேடிப் போக வேண்டும். அறிமுகமில்லாத பெரிய கோப்பின் சுருக்கத்தைக் கேட்கலாம். ஒரே பார்வையில் தெரிவதற்கு மிக அருகில் வரும் வசதி இது. ஆனால் படத்தைப் பற்றி அது தப்பாகச் சொன்னால், சரிபார்க்கக் கேட்பவரிடம் வேறு வழி இருக்காது. நொடியில் இருநூறு வரி எழுதித் தள்ளும் உதவியாளரின் வேலையைக் கண் ஓட்டிச் சரிபார்ப்பதும், வரி வரியாகக் கேட்டுச் சரிபார்ப்பதும் ஒன்றாகாது. மங்கலான எழுத்தில் தானாகத் தோன்றும் பரிந்துரைகள், தட்டச்சு செய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் காதில் நடுவில் புகுந்து குழப்புகின்றன. டெர்மினலில் இயங்கும் புதிய உதவியாளர்கள் பல, முழுத் திரையையும் ஓயாமல் திரும்ப வரையும் வகையைச் சேர்ந்தவை. சுழலும் குச்சியால் வந்த தொல்லை அங்கே பெரிய அளவில் திரும்பியிருக்கிறது.

இந்த ஓட்டத்தில் பார்வையற்ற நிரலாளர்களின் பக்கம் ஓர் அனுகூலம் இருக்கிறது: தங்கள் கருவியைத் தாங்களே திருத்தத் தெரிந்த பயனர்கள் அவர்கள். 2006-இல் மைக்கேல் கரன் என்விடிஏவை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள், ஆஸ்திரேலியர்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய திரைவாசிப்பான்களுக்கு மாற்றாக இலவசமாக, திறந்த மூலமாக, பெரும்பகுதி பைத்தானில் அதை எழுதினார்கள். அதனால் ஒரு தொல்லையைச் சந்திக்கும் நிரலாளர் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்காமல் தானே ஒரு துணைநிரல் எழுதிவிடலாம். நோட்பேட்++ முதல் பல எடிட்டர்களுக்கு அப்படி எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் எந்தத் துணைநிரலாலும், எடிட்டர் வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்ல முடியாது. இன்று வேகத்துக்காக வரைகலைச் சில்லையே நேராகப் பயன்படுத்தித் திரை முழுவதையும் தாங்களே வரையும் எடிட்டர்கள் மறுபடி வருகின்றன. முன்பு விண்டோஸின் அணுகல் குழுவில் பணியாற்றிய மேட் கேம்பெல் தொடங்கிய அக்சஸ்கிட், இப்படித் தானே வரைந்துகொள்ளும் தொகுப்புகளுக்கென்றே ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட நூலகம். பொத்தான், பட்டியல், எழுத்துப்பெட்டி ஆகியவற்றின் மரத்தை ஒருமுறை அதனிடம் கொடுத்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றின் அணுகல் இடைமுகங்களிலும் அதுவே பேசிக்கொள்ளும். ரஸ்ட் மொழியின் ஈகுய் தொகுப்பு அதை இணைத்துக்கொண்டுவிட்டது. மற்ற தொகுப்புகளில் அதை இணைக்கும் வேலையைத் தொடக்கத்திலேயே செய்தால் சில வாரங்களில் முடியும். எடிட்டர் வளர்ந்து, பிரபலமாகி, நிறுவனங்கள் எல்லாம் அதற்கு மாறிய பிறகு செய்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.